பச்சையில் நின்ற படகு

அந்தப் பச்சை பொய். அது பொய்யென்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால், சாயங்காலத்துக்குள் அதுவே உண்மையாகிவிடலாம்.

கடைசியாக நினைத்தது மனதில் ஓடி முடிந்ததும் ஜின்சி, நினைத்ததை யாரோ கேட்டுவிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தாள். குளச்சல் விசைப்படகுச் சங்கத்தின் மாடி அறையில், படகுகளோடு போனில் பேசும் ஆதிரா மட்டும் மேசையோடு ஒட்டி உட்கார்ந்து, ‘மரிய ஸ்டெல்லா’ படகின் சாட்டிலைட் போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். மறுபுறம் யாரும் எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே காற்று தென்னை மட்டைகளை ஒரே பக்கமாக வாரிப் பிடித்திருந்தது. கீழே கோவில் முற்றத்தில் பெண்கள் கூட்டம். எல்லோர் கையிலும் போன். எல்லாப் போனிலும் அவள் செய்த வெப்சைட்.

தக்கலையில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஜின்சியும் பெனினும் சேர்ந்து வெப்சைட் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றை நடத்துகிறார்கள். கம்ப்யூட்டரில் எழுதுவது பெனின். வேலை கொடுப்பவர் என்ன கேட்கிறார், எப்போது முடிக்கலாம், முடித்ததை எந்த ஹோஸ்டிங்கில், அதாவது இணையத்தில் எந்த வாடகை இடத்தில், கொண்டுபோய் வைப்பது என்பதெல்லாம் ஜின்சியின் பொறுப்பு. பேக்கரி, நகைக்கடை, கல்யாண மண்டபம் என்று பலதுக்கும் செய்திருக்கிறார்கள். அந்தச் சைட்டெல்லாம் ஒருநாள் படுத்துக்கொண்டால், கேக் வாங்க வருகிறவன் வேறு கடைக்குப் போவான், அவ்வளவுதான்.

இது அப்படியல்ல. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாத படகுகளின் பெயர்கள் இதில் இருக்கும். படகிலிருந்து பேச்சுக் கிடைத்தால் ஆதிரா அதைப் பதிவாள். பெயருக்குப் பக்கத்தில் பச்சை வரும். பேச்சு அற்றுப்போனால் பச்சை சாம்பல் நிறமாக மாறும். முன்பெல்லாம் காற்றடிக்கிற நாளில் கோவில் மைக்கில் ஒவ்வொரு படகாகப் பெயர் வாசிப்பார்கள். பெண்கள் முற்றத்து மணலில் உட்கார்ந்து தங்கள் படகின் பெயர் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இனி அது வேண்டாம், அவரவர் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சங்கச் செயலாளர் அல்போன்ஸ் இந்த வேலையை ஜின்சியிடம் கொடுத்தார். அவர் அவளுடைய கணவன் லிஜோவின் தாய்மாமன்.

ஹோஸ்டிங் பேச்சு வந்தபோது அல்போன்ஸ் சிரித்தார். “அதுக்கு எதுக்கு மக்கா தனியா வாங்கணும்? கத்தாருல தோகால எனக்க மகன் டிராவல்ஸ் நடத்துதான்லா, அவன் வாங்கிப் போட்ட இடம் பாதிக்கு மேல சும்மா கெடக்கு. போட்டுல ஐஸ் வைக்குத இடம் மிச்சம் இருந்தா அடுத்தவனுக்க மீனையும் வைக்க மாட்டமா?”

வைப்பார்கள். கடற்கரையில் அது வழக்கம். அந்த மிச்ச இடம் போதாது என்று ஜின்சிக்கு அப்போதே உள்ளுக்குள் ஒன்று சொன்னது. ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் ‘மாமா’ என்று கூப்பிட்டு, தலையாட்டிப் பழகிய முகம் அது. சோதித்துப் பார்ப்போம் என்றாள். சோதித்தார்கள். வழுக்கிக்கொண்டு ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அவர்கள் சோதித்தது மீன்பிடித் தடைக்காலத்தில். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. ஆண்கள் வீட்டில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். தேடிப் பார்க்க எவளுக்கும் கடலில் ஆள் இல்லை.

இன்று காலையில் காற்று எச்சரிக்கை வந்தது. ஊரின் பழைய பழக்கம், மைக் இல்லாமல் எதுவும் நடக்காது. மதியம் கோவில் மைக்கில் கணீரென்று சொல்லிவிட்டார்கள்: ‘நம்ம போட்டுகளுக்க விவரம் சங்கத்து வெப்சைட்டுல உண்டு, எல்லாரும் பாத்துக்கிடுங்க.’ மைக் ஓய்வதற்குள் கரை முழுக்க அதைத் திறந்தது. பெண்கள் ஆளுக்கொரு போன் போட்டதில் மஸ்கட்டிலும் ஷார்ஜாவிலும் உள்ள சொந்தக்காரர்களும் திறந்தார்கள். ஜின்சி தக்கலையிலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்தபோது, சைட் விழுந்து கிடக்கும் என்றுதான் எதிர்பார்த்தாள்.

விழவில்லை. கூட்டம் தாங்காமல் போனால் என்ன செய்வதென்று பெனின் ஒரு வழி வைத்திருந்தான். காலையில் வடித்த சோற்றை மூடி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்தே அள்ளிப் போடுவதுபோல, முன்பு எடுத்து வைத்த பக்கத்தையே எல்லோருக்கும் காட்டும். பேக்கரிக்கு அது நல்ல வழி. இங்கேயும் அதையே வைத்தார்கள். அவளும் சரி என்றிருந்தாள். காலையில் எடுத்து வைத்த அந்தப் பக்கத்தில் எல்லாப் படகும் பச்சை. ஆதிராவின் மேசையில் இருந்த திரையில் மட்டும் ‘மரிய ஸ்டெல்லா’ சாம்பலாகியிருந்தது. தான் மாற்றியது ஊருக்குப் போய்ச் சேரவில்லை என்று ஆதிராவுக்குத் தெரியாது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏல வாசலில் மீன் விற்கும் குளோரி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அவள் கணவன் ஜான்ரோஸ் மரிய ஸ்டெல்லாவில் போயிருக்கிறான்.

“ஏட்டி ஜின்சி, இஞ்ச பாரு.” போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். “பச்ச. நீ செய்யும்போ நான் என்ன சொன்னேன்? கடலுக்க உப்பு தெரியாத சாமானம் எனக்க மாப்பிளைக்க காரியத்தச் சொல்லுமான்னு கேட்டேன். இப்ப சொல்லிப் போட்டுதே.”

ஜின்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கண் அந்தப் பச்சையிலேயே நின்றது.

“என்னட்டி முழிக்க? காத்து கண்டு பேடிச்சிட்டியா? கடல் காணாத உள்நாட்டுக்காரிகளே இப்படித்தான்.” குளோரி சிரித்தாள். மதியத்திலிருந்து சிரிக்காத முகம் அது. ஒரு கதவு திறந்து வெளிச்சம் விழுந்ததுபோல் இருந்தது. “நான் போயி உலைய வைக்கட்டு. பிள்ளைக காலைல இருந்து ஒண்ணும் தின்னல்ல.”

அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்கு நான் காரணம் என்று ஜின்சி நினைத்தாள். உலையில் இந்நேரம் அரிசி விழும். அந்தச் சோறு வேகும்போது ஜான்ரோஸ் எங்கே இருப்பான்?

பெனினைப் போனில் கூப்பிட்டாள். “வேற நல்ல ஹோஸ்டிங்குக்கு இப்பவே மாத்த முடியுமா?”

“முடியாதுக்கா. எல்லாம் தோகாக்காரருக்க பேருல கெடக்கு. அவருக்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அத அவரு சொன்னாத்தான் தொறக்கும். நான் அடிச்சிட்டே இருக்கேன், எடுக்கல்ல.”

“பழைய பக்கத்த நிறுத்த மட்டுமாவது முடியுமா?”

“அது நம்ம கையிலதான் இருக்கு. நிறுத்தினா ஒவ்வொருத்தருக்கும் புதுசா எடுத்துக் காட்டணும். பாதிப் பேருக்குத் தொறக்காது. ஒருவேளை மொத்தமும் படுத்திரும்.” பிறகு கேட்டான். “நிறுத்தட்டாக்கா?”

“இரு,” என்றாள்.

தனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டாள். கடலை நினைத்தா? கொஞ்சம். ஆனால் தோண்டிப் பார்த்தால் அடியில் கிடந்தது வேறு. பச்சை சாம்பலாகும்போது அதைப் பார்க்கும் முகங்கள். மாற்றியவள் இவள்தான் என்று திரும்பும் கண்கள். ஜான்ரோஸுக்காக அல்ல, தனக்காகத்தான் பயப்படுகிறோம் என்று தெரிந்தபோது அந்தப் பயத்தின்மேல் அவளுக்கு அருவருப்பு வந்தது. அப்படியும் பயம் குறையவில்லை.

அல்போன்ஸ் வந்தார். சட்டை முழுக்க மணல். விவரத்தை அவரிடம் சொன்னாள். ஆதிரா போனைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அல்போன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

“வேற யாருக்கும் தெரியுமா?”

“பெனினுக்கு மட்டும், மாமா.”

“அப்ப கெடக்கட்டு.” மெதுவாகத்தான் சொன்னார். “நான் சொல்லுகத கேளு மக்கா. பேட்டரி தீந்திருக்கும். இல்லேன்னா எங்கயாவது ஒதுங்கி கெடப்பானுவ. இருட்டுதுக்கு முன்ன சத்தம் வந்திரும். போன தடவ மைக்குல ஒரு பேர விட்டுப்போட்டதுக்கு, ஒரு நெற மாசக்காரி கல்லுல இடறி விழுந்தா. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். அந்தச் சத்தம் இப்பவும் காதுல கெடக்கு. பச்ச இருக்கதக் கண்டு இவளுவ சமாதானமா வீட்டுக்குப் போறாளுவ. போகட்டும்.”

“மரிய ஸ்டெல்லாவ யாரும் தேட மாட்டாவளே மாமா.”

“பேச்சு அறுந்த உடனே கோஸ்ட் கார்டுக்கு நான் சொல்லியாச்சு. குளோரி தெரிஞ்சி என்ன செய்யப் போறா? நீந்திப் போயி இழுத்துட்டு வரவா?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “வாற ஞாயிறு திருவிழாவுல இத தொறந்து வைக்கதுக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சு. முதல் காத்துக்கே பொய் சொல்லிச்சுன்னு தெரிஞ்சா, பொறவு எவ இத நம்புவா? உனக்கும் பேரு போவும். எனக்க மகனுக்கும் போவும்.”

அவர் கெட்டவரில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னதில் பாதியை அவளே அரைமணி நேரத்துக்கு முன்னால் நினைத்திருந்தாள். அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அதன் முகம் தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குப் பயம் இருந்தது. ஆனால் அந்தப் பயம் அவர்களுடையதாக இருந்தது. குளோரியிடமிருந்து அதை எடுத்து, அவளுக்குத் தெரியாமல் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஜின்சிக்குத் தோன்றியது.

போனை எடுத்தாள்.

“பெனின், நிறுத்து.”

அல்போன்ஸ் எழுந்தார். ஜன்னலருகே போய் நின்றார்.

கீழே சத்தம் மாறியது. முதலில் ஒன்றிரண்டு பேர் போனைத் தட்டினார்கள். பிறகு, “தொறக்கல்ல”, “உனக்கு வருதா?”, “எனக்குச் சுத்துது” என்று குரல்கள் எழும்பின. யாரோ ஒருத்தி, “ஆண்டவரே” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். ஜின்சி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டாள். மொத்தமும் படுத்துவிட்டால் நல்லது என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். படுக்கவில்லை. இழுத்து இழுத்து, ஒருத்திக்குத் திறந்து ஒருத்திக்கு மூடி, ஓடிக்கொண்டிருந்தது.

படியில் மறுபடியும் செருப்புச் சத்தம். இந்தமுறை அது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று வந்தது.

குளோரியின் கையில் அரிசி களைந்த ஈரம் இருந்தது. போன் திரையிலும் நீர்த்துளிகள். அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறாள். மரிய ஸ்டெல்லா சாம்பல் நிறத்தில் நின்றது.

“ஜின்சி, இது மாறிப்போச்சு.”

“ஆமாக்கா.”

“அப்பம் பச்ச இருந்துது. நீயும் கண்டே.”

“கண்டேன். அது காலைல உள்ளது. எங்களுக்க தப்புக்கா. பிந்தி வந்தத அது காட்டல்ல.” தன் குரல் வேறு யாருடையதோபோலக் கேட்டது. “சாம்பல்னா பேச்சு கிட்டல்லன்னுதான் அர்த்தம். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஆதிரா அடிச்சிட்டே இருக்கா. மாமா கோஸ்ட் கார்டுக்கு சொல்லியாச்சு.”

குளோரி அல்போன்ஸைப் பார்த்தாள். அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. அவள் ஜின்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரமான, மீன் செதில் வெட்டித் தழும்பேறிய விரல்கள்.

“அப்பம் தப்பு காட்டினது இப்பமும் தப்பு காட்டுமில்லா? மிஷினு கெட்டுப் போச்சுன்னு சொல்லு. அது போதும். நான் போயி சோத்த வடிக்கேன். ஒரு வார்த்த சொல்லுட்டி.”

ஒரு வார்த்தைதான். கொஞ்சம் முன்பு அது உண்மையாகவும் இருந்தது. அறையில் எல்லோரும் அதற்காகக் காத்திருந்தார்கள். ஆதிராவின் போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஜின்சி கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலையை இடவலமாக மெல்ல ஆட்டினாள்.

“இல்லக்கா,” என்றாள்.