மூத்தவர் சொன்ன மகூல்

எங்கள் கட்டடத்தில் வயதில் மூத்தவர் சகின்பாய் அண்ணன். அவர் 'மகூல்' என்று சொல்லிவிட்டால், அதாவது சரி, அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் அந்த விஷயத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் பிஷ்கெக் நகரத்தில் எத்தனையோ மாறிவிட்டது. இது மட்டும் எங்கள் முற்றத்தில் மாறவில்லை.

அவர் ஆயுள் முழுக்க மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் பேருந்தை ஓட்டியவர். அந்த இரைச்சலில் ஒரு காது முழுசாகவும் மற்றது முக்காலும் போய்விட்டன. ஆனால் அதை வெளியே காட்டிக்கொள்ள அவருக்குப் பிடிக்காது. எதிரே நிற்பவரின் வாய் அசைவு நின்றதும் தலையை ஆட்டி 'மகூல்' என்பார். ரொட்டி விற்கிறவளிடமும் அப்படித்தான், வைத்தியம் பார்க்கிறவரிடமும் அப்படித்தான். நான் அவர்களுக்கு எதிர் வீட்டுக்காரி. அவர் மனைவி ஜிபார்குல் அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரிடம் கத்திப் பேசுவதைக் கேட்டே எனக்குப் பல செய்திகள் தெரிய வரும்.

பனி உருகும் பருவத்தில் கழிவுநீர்க் குழாய் வெடித்து முற்றம் நாறியது. கட்டடச் சங்கத்தின் தலைவி டமீரா எல்லாரையும் கீழே கூப்பிட்டாள். பக்கத்தில் ஒப்பந்தக்காரன் கூபத் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு நின்றான். குழாயை மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. கடைசியில் டமீரா பேச்சோடு பேச்சாக, "தோண்டினது தோண்டியாச்சு, மேல காங்கிரீட் போட்டு, இரும்புக் கம்பம் நட்டு, கூரையும் போட்டுட்டா கார் நிறுத்த வசதியா இருக்கும். என்ன அண்ணே சொல்றீங்க?" என்று சகின்பாய் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றதும், "மகூல், மகூல்" என்றார்.

அவ்வளவுதான் கூட்டம். யாரும் கை தூக்கவில்லை, யார் கையெழுத்தும் வாங்கவில்லை. மூத்தவர் சொன்ன பிறகு கையெழுத்துக் கேட்டால் அவரை அவமதித்த மாதிரி ஆகும் என்று எல்லாரும் கலைந்து போனோம்.

அதற்கடுத்து அவருக்கு நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்காவும் கூடவே போய்விட்டாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியபோது கோடை வந்துவிட்டது. டாக்ஸி முற்றத்துக்குள் திரும்பியதும் நின்றது. அண்ணனை இறக்க நான் ஓடினேன். அக்கா இறங்கி, கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

இரண்டு எல்ம் மரங்களுக்கு நடுவே எங்களுக்கு ஒரு வெற்று நிலம் இருந்தது. இந்தக் கட்டடத்தில் யார் செத்தாலும் கம்பளிக் கூடாரம் அங்கேதான் எழும்பும். உள்ளே திரைக்குப் பின்னால் உடல் இருக்கும், பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள், வாசலில் ஆண்கள் நிற்பார்கள். இப்போது அங்கே காங்கிரீட்டும், வரிசையாகக் கம்பங்களும், தகரக் கூரையும், கார்களும் இருந்தன.

"சீனாரா, இவரை எங்கேடி வைப்பேன்?" என்றாள் என்னிடம்.

அண்ணன் வண்டிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் அக்காவோடு நானும் டமீரா வீட்டுக்குப் போனேன். டமீரா தேநீர் ஊற்றினாள். அக்கா கிண்ணத்தைத் தொடவில்லை.

"உங்க வீட்டுக்காரர்தானே அக்கா மகூல் சொன்னார்? அவர் சொன்னப்புறம் யார் எதிர்த்துப் பேசினாங்க?"

"அவர் குழாய்க்குச் சொன்னார்."

"அப்போ காதுல விழலன்னு சொல்லியிருக்கணும்."

"உனக்குத் தெரியாதாக்கும். அவர்கிட்ட பேசும்போது நீ கத்துற கத்துல அஞ்சாம் மாடிப் பூனை இறங்கி ஓடுது. அன்னைக்கு மட்டும் ஏன் மெதுவாப் பேசினே?"

டமீரா சர்க்கரைக் கிண்ணத்தை இங்கேயும் அங்கேயும் நகர்த்தினாள். "இப்பல்லாம் மண்டபம் இருக்கு அக்கா. மசூதிக்குப் பக்கத்துலேயே. நாற்காலி, மின்விசிறி எல்லாம் போட்டுத் தர்றாங்க."

"உங்க அம்மாவை மண்டபத்துலயா வெச்சே?"

டமீராவின் அம்மாவுக்குக் கூடாரம் எழும்பியதும் அந்த எல்ம் மரங்களுக்கு நடுவில்தான். அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்து வந்தவர்களுக்கெல்லாம் பணியாரம் பொரித்துப் போட்டது ஜிபார்குல் அக்காதான்.

கூபத்தை அடுத்த தெருவில் வேலை நடக்கும் இடத்தில் பிடித்தோம். அவன் கோபப்படவில்லை. "அக்கா, சங்கம் கம்பம் நடச் சொல்லிச்சு, நட்டேன். பிடுங்கச் சொன்னா பிடுங்குறேன். எனக்கு ரெண்டும் பொழைப்புதான். என்கிட்ட வந்து அழுது என்ன பிரயோசனம்?"

"உன்னைக் குழாய் மாத்தத்தானே கூப்பிட்டாங்க?"

"குழாயை மூட வேண்டாமா?"

"கூரை போட்டா மூடுவாங்க? குழாய்க்கு என்ன, குளிருமா?"

அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அதோடு பேச்சு முடிந்தது.

பிறகு குடியிருப்பு ஆய்வு அலுவலகத்துக்கு அலைந்தோம். ஒரு இளம் அதிகாரி வந்து முற்றத்தை அளந்தார். உரிமையாளர்களின் சம்மதம் முறைப்படி வாங்காமல் செய்த வேலை இது, இடிக்க வேண்டியதுதான் என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஆனா அம்மா, கட்டடத்துல மூத்தவர் எல்லார் முன்னாலயும் சம்மதிச்சார், யாரும் மறுக்கலன்னு சங்கம் சொல்லுது. அதை வெச்சு இலையுதிர் காலம் வரைக்கும் இழுப்பாங்க."

"அவருக்கு இலையுதிர் காலம் கிடையாது தம்பி."

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்சம் யோசித்து, "எனக்குக் காது கேக்காது, என்ன கேட்டாங்கன்னு தெரியாமலே சரின்னு சொல்லிட்டேன்னு அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் படுக்கைக்கே வந்து பதிவு பண்ணிக்கிறேன். அதுக்கப்புறம் சங்கத்துக்குப் பேச வழியில்லை. அந்த வாரமே பிடுங்க வெச்சிடலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்கா அண்ணனின் நல்ல காதருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். தலையணையைச் சரிசெய்ய உதவிக்கு வந்திருந்த நான் கால்மாட்டில் நின்றேன். அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பிக் கீழே தெரிந்த தகரக் கூரையைப் பார்த்தார்.

"நானா சொன்னேன்?"

"நீங்கதான்."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"எல்லாரும் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கேக்கல."

அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாறியது. அது அடங்கியதும், "காது கேக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன் ஜிபார்" என்றார்.

"ஏன்? ஊருக்கே தெரிஞ்சதுதானே?"

"தெரியறது வேற, நானே சொல்றது வேற. கடைசி வருஷங்கள்ல மணி அடிச்சாக்கூட எனக்கு விழாது. கண்ணாடியில ஆளுங்க முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பேன். ஒரு ஆளுக்குக் கீறல் விழல. இப்போ நான் வாயைத் திறந்தா, செவிடன் இத்தனை பேரை ஏத்திக்கிட்டு ஓட்டினான்னு டிப்போவுல பேசுவாங்க. அந்தப் பேரோட என்னைக் கூடாரத்துல வைக்கப் போறியா?"

"பின்ன எங்கே வைக்கிறது உங்களை?"

"நீ எங்கே வெச்சாலும் சரி. நீயும் போய்ச் சொல்லாதே."

அக்கா அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் அதிகாரி தொலைபேசியில் கேட்டபோது, "அவர் காது கேட்டுத்தான் சொன்னாராம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதன் பிறகு எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை.

ஆப்ரிகாட் பழங்கள் சந்தையில் தீரும் சமயத்தில் ஒரு காலை வேளை அண்ணன் போய்ச் சேர்ந்தார். கூடாரம் வாடகைக்கு விடுகிறவர்களின் லாரி வந்து, எங்கே இறக்குவது என்று தெரியாமல் இஞ்சினை அணைக்காமல் நின்றது. டமீரா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். யாரையும் பார்க்காமல் தொலைபேசியில், "கூபத், வெட்டுற மெஷினை எடுத்துக்கிட்டு வா. பேசாதே, வா" என்றாள்.

அவன் வந்தான். இரண்டு கம்பங்களைப் பொறி பறக்க அறுத்தான். ஆனால் நடுவில் நின்ற கார்களின் சொந்தக்காரர்கள் இஸ்ஸிக்குல் ஏரிக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. ஆண்கள் கூடி ஒரு காரைத் தூக்கி நகர்த்தப் பார்த்தபோது அது அலற ஆரம்பித்தது. மேலே ஜன்னல் திறந்தது.

"விட்டுடுங்க" என்றாள் ஜிபார்குல் அக்கா. "அவருக்கு அழ ஆளுங்க இருக்கோம். அது அழ வேணாம்."

டமீரா அந்தக் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு விசும்பினாள். அவளைத் தேற்ற யாரும் போகவில்லை.

நான் சாலையைக் கடந்து எதிர்க் கட்டடத்துக்குப் போய்க் கேட்டேன். அவர்கள் உடனே பிள்ளைகளின் ஊஞ்சலைக் கழற்றி இடம் செய்து கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள், ஆனால் அவர்களில் ஒருவருக்கும் அண்ணனைத் தெரியாது. அவரைக் கம்பளத்தில் கிடத்தி, படிக்கட்டில் இறக்கி, சாலைக்குக் குறுக்கே தூக்கிக்கொண்டு போனோம். பேருந்துகள் நின்று வழி விட்டன.

மத்தியானத்திலிருந்து சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஆண்கள் துக்கத்துக்கு வரும்போது முற்றத்து வாயிலிலேயே வாய் விட்டு அழுதுகொண்டு ஓடி வருவார்கள். எல்லாரிடமும் இருந்தது பழைய விலாசம். "ஐயோ, என் ஈரக்குலையே" என்று கதறியபடி எங்கள் முற்றத்துக்குள் நுழைந்தவர்கள், கார்களைப் பார்த்ததும் பாதியில் நின்றார்கள். கூடாரத்துக்குள் அக்கா அந்த முதல் குரல் கேட்டதும் தலையைத் தூக்குவதும், அது சட்டென்று அறுந்ததும் கையால் முகத்தை மூடிக்கொள்வதுமாக இருந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் எழுந்து வந்து எங்கள் வாயிலில் நின்றுகொண்டேன்.

டிப்போவிலிருந்து அவருடைய பழைய கூட்டாளிகள் கூட்டமாக வந்தார்கள். என்னைப் பார்க்காமலே அழுகையைத் தொடங்கிவிட்டார்கள்.

"இங்கே இல்ல அண்ணே" என்றேன். "ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

அவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். முன்னால் நின்றவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நன்றிம்மா" என்றார். எல்லாரும் சாலை ஓரத்தில் போய் நின்று, இடமும் வலமும் பார்த்து, வண்டிகள் போகும்வரை காத்திருந்தார்கள். பிறகு கடந்து போய், அந்த வாயிலில் மறுபடியும் முதலிலிருந்து அழத் தொடங்கினார்கள்.