அவிழ்த்துப் பார்க்காத நாய்

காலை ஷிப்டு முடிந்து பெண்கள் வெளியே வரும் நேரத்தில், மாரிக்கண்ணன் செவலையின் சங்கிலியைக் கையில் இறுகச் சுற்றிக்கொள்வான். பாளையம்பட்டி தாண்டியுள்ள நூல் மில் வாசலில் அவனுக்கு நாயோடு காவல் வேலை. பார்க்கிறவர்களுக்கு மிடுக்கான உத்தியோகம். அவனுக்கோ தினமும் பயந்து பயந்து பார்க்கிற உத்தியோகம்.

செவலை, நரிக்குடிப் பக்கம் முயல் விரட்டி வளர்ந்த நாய். ஓடுவதைப் பிடிக்கத் தெரியும்; சொன்னால் விடத் தெரியாது. பிடித்ததைச் சொன்னவுடன் விட வேண்டும் என்பதுதான் காவல் நாய்த் தரச்சான்றின் முதல் சோதனை. பழக்காமல் வாசலில் நிறுத்த வேண்டாம் என்று காவல் ஏஜென்சி முதலாளி நவநீதகிருஷ்ணனிடம் சொல்லிப் பார்த்தான். அதுவரைக்கும் மில் ஆர்டர் காத்திருக்குமா என்று அவர் சிரித்தார். சான்று கொடுக்க ஆய்வாளர் வரும்போதாவது விஷயம் வெளிப்படும் என்று நம்பினான்.

"சார், அவுத்துவிட்டுப் பாக்கணும்ல?" என்று அவனே கேட்டான்.

"இந்த வெயில்லயாப்பா? சாதுவாத்தான நிக்கிது," என்றார் ஆய்வாளர். வேப்பமர நிழலில் நாயோடு ஒரு போட்டோ, முதலாளி வீட்டில் கறிச்சோறு, சோதனை முடிந்தது. சட்டம் போட்ட சான்றிதழ் காவல் அறைச் சுவரில் ஏறியது. இந்த வானம் பார்த்த பூமியில் வேறு வேலைக்கு எங்கே போவது என்று மாரிக்கண்ணன் வாயை மூடிக்கொண்டான்.

ஒரு நாள் திருச்சுழி பஸ் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது எப்போதோ. பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். செவலைக்கு அந்த ஓட்டம் போதும். சங்கிலியை உருவிக்கொண்டு பாய்ந்து, அவர்களில் ஒருத்தியான தங்கலட்சுமியின் கெண்டைக்காலைக் கவ்வியது. விடு, விடு என்று மாரிக்கண்ணன் கத்தினான். வேட்டையில் ஆட்கள் கூச்சல் போடுவது நாயை உசுப்பத்தான். செவலை அப்படித்தான் பழகியிருந்தது. அவன் கத்தக் கத்த அது இன்னும் இறுக்கியது. தாடையைக் கையால் பிளந்து விடுவிப்பதற்குள் அவள் சதை கிழிந்துவிட்டது. பாவம், அவனால் வேறென்ன செய்ய முடியும்?

மறுவாரம் வாசலில் வேறு நாய் நின்றது. சுவரில் அதே சான்றிதழ், போட்டோ மட்டும் புதுசு. இதையும் பழக்கவில்லையே என்று கேட்டதற்கு, முதலாளி சங்கிலியை இன்னொருத்தனிடம் கொடுத்துவிட்டார். மில் மேனேஜரிடம் போய்ச் சொன்னான். அவர் சுவரில் இருந்த சான்றிதழைக் கைகாட்டினார்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் தங்கலட்சுமி கட்டுப்போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தாள். இனி நின்று வேலை பார்க்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாரிக்கண்ணன் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, தன்னால் எதையும் தடுக்க முடியவில்லை என்று தலைகுனிந்து நின்றான்.

"நாய் மேல எனக்குக் கோவமில்லண்ணே," என்றாள் அவள். "அது தெரிஞ்சதச் செஞ்சிச்சு. அதுக்கு என்ன தெரியும்னு பாக்க வந்தவுக, பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனாகல்ல, அவுகதேன் என்னயக் கடிச்சது. சோதிக்காமக் குடுக்குற சான்றிதழு காவல் இல்லண்ணே, நம்புன சனத்துக்கு வைக்கிற கண்ணி. நாளைக்கு அந்த வாசல்ல பஸ்ஸுக்கு யாரு ஓடப்போறாளோ."