ஒரே இழுப்பில் நிற்கும் எஞ்சின்

"அந்தப் படகு எஞ்சின் மட்டும் வேணாங்கக்கா. உப்புத் தண்ணி குடிச்சு வளந்த எஞ்சின். உள்ள எவ்வளவு தின்னுருக்குன்னு கழட்டினாத்தான் தெரியும்."

"கழட்டிப் பாருங்க."

"கழட்டணும்னா முதல்ல வாங்கணும்ல."

"வாங்குவோம் பாய்."

மெக்கானிக் சஃபியுல்லா கையைத் துடைத்துக்கொண்டு லாரியைப் பார்த்தார். ராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட பழைய லாரி. அதனுடைய பெட்ரோல் எஞ்சின் சம்பாதிப்பதையெல்லாம் குடித்துவிடும் என்பதால் அதை எடுத்துப் போட்டாயிற்று. பானட்டுக்குக் கீழே பல் பிடுங்கிய வாய் போல ஒரு பள்ளம். ஒரு டீசல் எஞ்சினை அதில் உட்காரவைத்தால் மண்டபத்தூர் மணலில் ஐஸ் ஏற்றிக்கொண்டு ஓடும்.

"கும்பகோணத்துல பஸ் எஞ்சின் ஒண்ணு இருக்கு. நம்ம கியர்பாக்ஸோட அப்படியே சேரும். டிப்பர் எஞ்சின் புதுசுதான். ஆனா அதுல ஒரு ஒயர் போச்சுன்னா வண்டி மணல்லயே குடியிருக்கும். படகு எஞ்சினுக்குக் கிளட்ச் வைக்கணும், ரேடியேட்டர் வைக்கணும். அது ரெண்டாங் கல்யாணம் மாதிரிக்கா. பழைய வீட்டுப் பழக்கமெல்லாம் கூடவே வரும்."

தையல்நாயகி சிரிக்கவில்லை.

"அது பஞ்சநாதன் விசைப்படகோட எஞ்சின்தானே?"

சஃபியுல்லா துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரியும். அந்த லாரியை ஏலத்தில் எடுத்தது தையல்நாயகியின் தம்பி ராஜா. போன மாசியில், விடியும் நேரத்தில் கடலில் வலையை இழுத்து ஏற்றிக்கொண்டிருந்த அவனுடைய ஃபைபர் படகின் மேல் பஞ்சநாதனின் விசைப்படகு ஏறிப்போனது. ரெண்டு ஊர் பஞ்சாயத்தும் கூடியது. ஃபைபரைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப்பரை இழுத்ததாகவும், டீசல் பம்ப் சிக்கிக்கொண்டு எஞ்சின் நிற்கவில்லை என்றும் பஞ்சநாதன் அழுதுகொண்டே சொன்னார். கடலில் இப்படி நடப்பதுதான் என்று எழுந்து போனார்கள்.

"தப்பு எஞ்சின் மேலன்னு ரெண்டு ஊரும் முடிவு பண்ணிட்டாங்க பாய். என் தம்பியக் கொன்னத நான் ஒரு தடவ நேர்ல பாக்க வேணாமா?"

அரசலாற்றங்கரையில் அந்தப் படகை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடமாக அவள் கனவில் அந்த எஞ்சின் வீட்டளவு பெரிதாக, கறுப்பாக, மூச்சு விட்டுக்கொண்டு வந்திருக்கிறது. நேரில், மரச்சட்டத்தின் மேல் பச்சை பெயின்டுடன், குளித்துவிட்டு வந்த மாடு போல நின்றது. அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை வெறுக்க முடியவில்லை.

பஞ்சநாதன் வெள்ளை வேட்டியில் வந்தார். பஞ்சாயத்தில் பெண்கள் உட்காரும் வழக்கமில்லை. அதனால் இறந்தவனின் அக்கா எப்படி இருப்பாள் என்று அவர் பார்த்ததே இல்லை.

"யாரு பாய் இது?"

"ஐஸ் வியாபாரம் பாக்குறவங்க. லாரி இவங்களோடதுதான்."

"நல்ல பொருளாத்தான் பாத்து வந்திருக்கு தங்கச்சி."

சஃபியுல்லா டார்ச்சை அடித்துக் குனிந்து டீசல் பம்ப்பைப் பார்த்தார். பம்ப்பைப் பிரித்த எஞ்சின் என்றால் விவரம் தெரிந்தவர்கள் தொடமாட்டார்கள். "பம்ப்புல யாரு கை வச்சது?"

"ஒருத்தரும் வைக்கல. அந்த ஈய சீலப் பாருங்க, கம்பெனில போட்டது. மேல அடிச்ச பெயின்ட் கூட உரியல."

சஃபியுல்லா சீலைப் பார்த்தார். சிக்கிய பம்ப்பை அந்த சீலை உடைக்காமல் சரிசெய்ய முடியாது. பிறகு தையல்நாயகியைப் பார்த்தார்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "எப்பயாவது மக்கர் பண்ணிருக்காண்ணே? ஸ்டாப்பர இழுத்தும் நிக்காம ஓடுறது, அந்த மாதிரி?"

"இதுவா? எம் பொண்டாட்டிகூட நாலு தடவ சொன்னாத்தான் கேப்பா. இது ஒரே இழுப்புல நிக்கும். படகுல ஏத்துன நாள்லேர்ந்து கழட்டுன நாள் வரைக்கும் ஒரு தடவகூட எம்பேச்ச மீறுனதில்ல."

பலகை உடைத்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். அவர் இன்னும் உற்சாகமாகி பேட்டரியை மாட்டச் சொன்னார். எஞ்சின் ஒரு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. சத்தம் ஆற்றின் மறுகரையில் மோதித் திரும்பியது.

"நான் இழுக்கவா?"

"இழு தங்கச்சி, பயப்படாத."

அவள் விரலை ஸ்டாப்பர் வளையத்தில் கோத்து இழுத்தாள். எஞ்சின் நின்றது. வீட்டில் யாராவது அதட்டினால் ராஜா உடனே வாயை மூடிக்கொள்வானே, அப்படி நின்றது. அந்த அமைதியில், கனவில் வந்த பெரிய கறுப்பு உருவம் மெல்ல நகர்ந்து வெள்ளை வேட்டிக்குள் போய் நின்றுகொண்டதை அவள் பார்த்தாள்.

"பாத்தியா?" என்றார் பஞ்சநாதன்.

"பாத்தேன்."

"அக்கா, போயிரலாம்," என்றார் சஃபியுல்லா தணிந்த குரலில்.

"இருங்க பாய். லாரிக்கு அந்த பஸ் எஞ்சினையே எடுத்துருங்க. இதையும் நான் எடுத்துக்குறேன். இது வேற வேலைக்கு." அவள் பஞ்சநாதன் பக்கம் திரும்பினாள். "நான் மண்டபத்தூருங்க. ராஜாவோட அக்கா."

சுத்தியல் சத்தம் நின்றது. பஞ்சநாதன் பம்ப்பைப் பார்த்தார். அவர் கை சீலை மறைப்பது போல நீண்டு, பாதியில் நின்றது.

"தங்கச்சி, அன்னைக்கி வந்து..."

"பம்ப்பத் தொடாதீங்க. அது அப்படியே இருக்கட்டும். எஞ்சின வண்டில ஏத்தி ரெண்டு ஊர் பஞ்சாயத்துக்கும் முன்னால இறக்கப் போறேன். இந்த ஆளுங்களும் வருவாங்க, பாயும் வருவாரு. பொம்பள பேசக் கூடாதுன்னா நான் வெளியவே நிக்கிறேன். நீங்க வந்து, இப்ப எங்கிட்ட சொன்னீங்களே, ஒரே இழுப்புல நிக்கும்னு, அத அங்க ஒரு தடவ சொல்லுங்கண்ணே."