கருவாட்டுத் தூள் சேராத இருபது குஞ்சுகள்

மொரீஷியஸில் கியூர்பிப் ஊரில் ராவுல் துரையின் (எங்களுக்கு அவர் 'முசே') கோழிப் பண்ணையில் நானும் ஜோசஃபினும் வேலை பார்த்தோம். ஐம்பத்தெட்டாம் வருஷம் அவர் நாற்பது சேவல் குஞ்சுகளைப் பிரித்து, ஆளுக்கு ஒரு கூண்டாகக் கொடுத்தார். தீனிக்குச் சோளம், மரவள்ளி, கூடவே ஆளுக்கு ஒரு மூட்டை கருவாட்டுத் தூள். காலையில் ஹார்மோன் ஊசி போடுவது மட்டும் அவர் வேலை. பத்தே நாளில் குஞ்சுக்குப் பெரிய சேவல் மாதிரி கொண்டை சிவந்து நிமிர்ந்துவிடுமாம். படித்தவர் சொல்கிறார், எனக்கென்ன தெரியும், தலையாட்டினேன்.

பத்து நாள் ஆகி, காவடி முடிந்த மறுநாள் கொண்டைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஜோசஃபின் குஞ்சுகளுக்குக் கொண்டை செக்கச்செவேலென்று நின்றது. என் குஞ்சுகளுக்குக் கொண்டை எங்கே என்று தடவித்தான் பார்க்கவேண்டும்.

மருந்து ஒன்று, அளவும் ஒன்று. கூண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கோவிந்தம்மா, தூளை வெளிய வித்துட்டீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டார். எனக்கு உச்சந்தலைவரை எரிந்தது. வேலை போனால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். திருடி என்ற பேரோடு எந்த வாசலில் போய் வேலை கேட்பது? கிடங்கிலிருந்து மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து அவர் காலடியில் போட்டேன். வாய்த் தையல்கூடப் பிரிக்கவில்லை.

"காவடிக்கு விரதம், முசே. பத்து நாளா மீனைக் கையால தொடல. நான் திங்காம நல்லாத்தானே இருக்கேன், அதுகளுக்கு மட்டும் என்ன வந்துரும்னு விட்டுட்டேன்."

அவர் தையலைத் தடவிப் பார்த்தார். அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்து நோட்டில் எழுத ஆரம்பித்தார். தீனியில் சத்து இல்லாவிட்டால் எத்தனை ஊசி போட்டாலும் குஞ்சின் உடம்பு அதைக் கண்டுகொள்ளாது என்றார். தூளை விற்றதாகச் சந்தேகப்பட்டதற்கு, ஜோசஃபின் காதுபடவே என்னிடம் மன்னிப்பும் கேட்டார். அப்பாடா என்றிருந்தது.

அதற்குள் மனுஷனுக்கு அடுத்த யோசனை வந்துவிட்டது. உறுதி செய்துகொள்ள, புதுக் குஞ்சுகளுக்கு இன்னொரு பத்து நாள் விரதம் வைக்க முடியுமா என்றார். நான் கூண்டைப் பார்த்தேன். இருபதும் கம்பிக்கு வெளியே அலகை நீட்டிக்கொண்டு நின்றன.

"நேர்ந்துகிட்டது நான், முசே. அதுக இல்ல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். புதுக் குஞ்சுகளின் விரதக் கூண்டை ஜோசஃபின் தலையில் கட்டினார். நான் தையலைப் பிரித்து இரண்டு கையாலும் தூளை அள்ளிப் போட்டு, என் இருபதிடமும் மன்னிப்புக் கேட்டேன்.