திரையில் விழுந்த புள்ளிகள்

அக்காவின் தலை ஸ்கேன் திரையில் விரிந்ததும் விரியாததுமாகக் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. அணைவதற்கு முந்தின கணத்தில், சாம்பல் நிற மூளையின் மேல் யாரோ அரிசியை விசிறியடித்தாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அந்த ஸ்கேன் மையத்தில் படம் எடுப்பது அவள் வேலை. ஊரார் தலைகளையெல்லாம் பதறாமல் பார்த்துப் பழகிய கண்தான். ஆனால் இப்போது கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மெஷினை விட்டு இறங்கிச் செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தவள் சொந்த அக்கா. கொஞ்ச நாளாகவே தலைவலி. ‘மூக்குக்கண்ணாடி மாத்தினா சரியாயிடும்டி’ என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தவளை இன்று இவள்தான் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கம்ப்யூட்டரை மறுபடி போட்டாள். படம் வந்தது, புள்ளிகளும் வந்தன. அவற்றை உற்றுப் பார்ப்பதற்குள் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள் ஓடித் திரை இருண்டது. வயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டர் கோளாறாக இருக்கட்டும், கோளாறாகவே இருக்கட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சியபடி மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

அதற்குள் அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “என்னடி, கம்ப்யூட்டர் மயக்கம் போட்டுடுச்சா? என் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு பாத்ததும் அதிர்ச்சியாயிருக்கும்.”

“நீ வெளிய உக்காருக்கா.”

அக்கா ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்தினாள். கேட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

மெக்கானிக்குக்குக் ‘காத்தாடி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் முதலில் உள்ளே விசிறி சுற்றுகிறதா என்றுதான் பார்ப்பான். இன்றும் மூடியைக் கழற்றிக் குனிந்தவன், “இது சுத்தவே இல்லியே, அனல் அடிக்குது” என்றான். தூசியை ஊதித் தள்ளி, இன்னொரு தடவை போட்டான். எந்தப் படத்தையும் திறக்கவில்லை. வெறும் நீலத் திரை. அதன் மேலும் அதே புள்ளிகள் மினுங்கின.

“பாத்தீங்களா சிஸ்டர்? திரையில படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டுதான் அவுட்டு.”

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று தெரியாத சத்தமொன்றை வாயைப் பொத்தி அடக்கினாள். அந்தத் திரையைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட எழுந்தவளை, “முழுசா பாத்துடுங்க” என்று காத்தாடி நிறுத்தினான்.

வரவேற்பறைக் கம்ப்யூட்டரிலிருந்து கார்டைக் கழற்றி வந்து மாட்டினான். திரை பளிச்சென்று வந்தது. ஸ்கேனைத் திறந்தாள். அணையவில்லை. அடுக்கடுக்காகப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். சுத்தம். அடுத்ததும் சுத்தம். மூச்சு மெல்லச் சீரானது. அதற்கடுத்த படத்தில் கை நின்றது.

ஓரமாக ஒரே ஒரு புள்ளி.

“தூசியா இருக்கும்” என்று காத்தாடி கட்டைவிரலால் திரையைத் துடைத்தான். போகவில்லை. “இந்தக் கார்டும் சரியில்லையோ? வேற ஒண்ணு பாக்கட்டுமா?”

அவள் சுட்டியைப் பிடித்துப் படத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள். திரையின் பழுதென்றால் புள்ளி இருந்த இடத்திலேயே நின்றிருக்க வேண்டும். அது படத்தோடு சேர்ந்து நகர்ந்தது. வலப்பக்கம் இழுத்தாள். அங்கேயும் கூடவே வந்தது.

காத்தாடி ஸ்க்ரூடிரைவரைச் சத்தமில்லாமல் பைக்குள் வைத்தான்.

மாடியில் இருக்கும் டாக்டரை அழைக்க அவள் போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டேயிருந்தது. கதவின் சின்னக் கண்ணாடி வழியாக அக்கா தெரிந்தாள். யாரோ ஒருத்தியின் குழந்தையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, அது தன் கம்மலைப் பிடித்து இழுக்க வாகாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.