மூடிக்குள் மாட்டிய பேட்டரி

வெளியூர் போன மச்சான் தன் ஸ்போர்ட்ஸ் காரை இவன் பொறுப்பில் விட்டிருந்தார். அவர் திரும்பும் நாள் பார்த்து பேட்டரி படுத்துவிட்டது. முன்பக்க மூடியைத் திறக்க மட்டும்தான் அதற்குத் தெம்பு இருந்தது. பேச்சு வாங்குவதற்குள் மாற்றிவிடலாம் என்று புதுசு வாங்கி உள்ளே வைத்தான். வயரை முடுக்கப் போனால் ஸ்பேனர் சேரவில்லை. வேறொன்று எடுக்க வீட்டுக்குள் ஓடினான்.

திரும்பி வந்தால் மூடி சாத்தியிருந்தது.

“தூறல் போட்டுச்சுங்க, நான்தான் மூடினேன்,” என்றாள் மனைவி.

“மகராசி, இந்த மூடி கரண்ட்லதான் திறக்கும். கரண்ட் உள்ள கிடக்கு.”

“அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? எங்கண்ணன் வந்துடுவாரே.”

மூடியைக் கெஞ்சினான், குத்தினான், நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். அதற்குள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது.

நடந்ததைக் கேட்ட மச்சான், முன்சக்கரத்துக்கு மேலே கையை விட்டு ஒரு கம்பியை இழுத்தார். மூடி திறந்துகொண்டது.

“புதுசே போட்டுட்டீங்களா மாப்ளே? பழசு ரொம்ப நாளா இழுத்துக்கிட்டுதான் கிடந்துச்சு. உங்ககிட்ட விட்டா மாத்திடுவீங்கன்னு தெரியும்.”

அவன் ஸ்பேனரை அவர் கையில் திணித்தான்.

“மீதியை நீங்களே முடுக்குங்க மச்சான்.”