கனமான பந்தில் குங்குமப் பொட்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதைக்கு மூலம் ஒரு பந்து. டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பில் எனக்கு வீடு ஒதுக்கினார்கள். குடிவந்த வாரம் பரணைத் துடைக்க ஏறினேன். ஓட்டைக் குடம் ஒன்று, பழைய கொலுப்படிப் பலகைகள், அவற்றுக்குப் பின்னால், கடைசி மூலையில், ஒரு வெள்ளைத் தோல் பந்து. கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் பெரிசு. சிவப்பு நூலில் வளைந்து வளைந்து ஓடும் தையல். பேஸ்பால்.

பேஸ்பால் கிரிக்கெட் பந்தைவிட எடை குறைவாக இருக்க வேண்டும். இது நன்றாகக் கனத்தது. மேலே சிவப்பாய் ஒரு கறை. முகர்ந்து பார்த்தேன். குங்குமம்!

பேஸ்பாலுக்கு எவனய்யா பொட்டு வைத்தான்? வைத்ததும் போகட்டும், பொட்டு வைத்த பொருளைப் பூஜை அலமாரியில் வைப்பார்கள், இல்லையென்றால் பயன்படுத்துவார்கள். பலகைக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்களா? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் நான் கதை எழுதுவேன். வேறென்ன செய்வது, போலீசுக்கா போக முடியும்?

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"சேஷன் அன்று ஆபீசிலிருந்து ஃபைல் தைக்கும் கோணூசியைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று..." வேண்டாம். அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், சாது மனுஷன். முதல் வரியிலேயே திருடனாக்கினால் நன்றாக இல்லை.

"டெல்லியில் அக்டோபர் வெயில்..." வானிலையில் ஆரம்பிக்கும் எழுத்தாளனை நானே நம்ப மாட்டேன்.

"வைதேஹி யாரையும் நம்ப மாட்டாள்." இது சரி. இவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கதை சொன்னால் போதும்.

3

வைதேஹி யாரையும் நம்ப மாட்டாள். பால்காரனை நம்ப மாட்டாள், தர்மாமீட்டரை நம்ப மாட்டாள், கணவன் சேஷன் "மீட்டிங் இருந்தது" என்று சொன்னால் அவன் சட்டைக் காலரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் காப்பி கலப்பாள். அது வெங்காயம் விலை தாறுமாறாக ஏறிய வருஷம்.* காய்கறி வண்டிக்காரன் பொட்டலத்தை நீட்டியதும் கையில் வாங்கி, ஒரு ஆட்டு ஆட்டி, "பையா, அம்பது கிராம் கம்மி" என்பாள். அவன் சத்தியம் பண்ணுவான். ஆகவே ஒரு சின்னத் தராசே வாங்கி அடுக்களையில் வைத்துக்கொண்டாள். நிறுத்துப் பார்த்தால் அவள் கை சொன்னது ஒரு நாளும் பொய்த்ததில்லை.

(* தொண்ணூற்றெட்டு. டெல்லிக்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள். அன்றைக்கு அழுதவர்களும் அவர்கள்தான், வெங்காயம் நறுக்காமலே.)

அந்த வீட்டில் கொஞ்ச நாளாக என்னமோ நடந்துகொண்டிருந்தது. சேஷன் ஞாயிற்றுக்கிழமையானால் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சைக்கிள் கடையிலிருந்து கிழிந்த ட்யூப் வந்தது. வாளியில் மணல் வந்தது. ஈயக் கம்பிச் சுருள் வந்தது. டெல்லியில் அப்போது பஸ்ஸுக்குள்ளேயே எழுதிப் போட்டிருப்பார்கள், கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள், வெடிகுண்டாக இருக்கலாம் என்று. வைதேஹி அதைத் தினமும் வரி விடாமல் படிப்பாள். ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

சேஷன் மடியில் பந்தொன்று வயிறு பிளந்து கிடந்தது. உள்ளே சுற்றியிருந்த கம்பளி நூலில் கொஞ்சத்தை உருவிவிட்டு, அந்த இடத்தில் ஈயக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்னன்னா இது, கண்றாவி!"

"வெயிட் பால்டி. அமெரிக்காக்காரன் பத்திரிகையில படிச்சேன். கனமானதைப் போட்டுப் பழகினா, நிஜப் பந்து கையில பஞ்சு மாதிரி இருக்கும். மேதா போட்டா பறக்கும் பாரு."

மேதா அவர்களுடைய ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்பு, பேஸ்பாலில் பந்து எறிகிறவள். மட்டைக்கும் ஒரு உறை செய்திருந்தான்: மணல் நிரப்பி இரண்டு பக்கமும் கட்டிய சைக்கிள் ட்யூப். அதை மாட்டிக்கொண்டு மேதா காலையில் மொட்டை மாடியில் வீசுவாள். கழற்றிவிட்டு வீசினால் மட்டை விசிலடிக்கும்.

"கனத்தைத் தூக்கிப் பழகினா லேசானது சுலபமாயிடும்னு, கல்யாணம் ஆனவாளுக்கு நீங்க சொல்லித் தரணுமாக்கும்" என்றாள் வைதேஹி. ஆனாலும் அவள் கண் பந்தின் மேலேயே இருந்தது. கோணூசியால் சேஷன் தைத்த தையல் அசலைத் தோற்கடித்தது. பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் கனமான பந்துகளில் மட்டும் ஆபீஸ் சிவப்பு இங்க்கில் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தான். அவற்றுக்குத் தனியாக ஒரு சாக்குப் பை. நல்ல பந்துகள் மேதாவின் கிட் பையில். புள்ளி வைத்ததை மேதாவிடம் சொன்னான். வைதேஹியிடம் சொல்லத் தோன்றவில்லை.

4

ஆயுத பூஜை வந்தது. இவர்கள் வீட்டில் எதற்குத்தான் பொட்டு இல்லை! கேஸ் அடுப்புக்கு, மிக்ஸிக்கு, கீழே நிற்கும் ஸ்கூட்டருக்கு, தராசுக்கு. சேஷன் இரண்டு பைகளிலும் இருந்த பந்துகளை ஒரே தாம்பாளத்தில் கொட்டி, மட்டையைக் குறுக்கே சாத்தி வைத்தான். வைதேஹி ஒவ்வொரு பந்துக்கும் சந்தனம் தொட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்தாள்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத்தான் டெல்லி பெண்கள் அணிக்குத் தேர்வு. நல்ல நாளும் அதுவுமாக அமைந்ததில் வைதேஹிக்குப் பரம சந்தோஷம். பூஜையில் வைத்ததை எடுக்கும் புனர்பூஜை முடிந்தது. மேதா தலை வாரிக்கொண்டிருந்தாள். வைதேஹி பந்துகளைத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தாள். குங்குமம் போய் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சிவப்புக் கறை நின்றது. சிலவற்றை மேதாவின் பையில் போட்டாள், மிச்சத்தைச் சாக்குப் பையில்.

[இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அவசரமாக எழுதிவிட்டேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.]

5

மைதானத்தில் பந்து எறிபவளுக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதற்கு இரண்டு பேர்: மேதா, உஷாராணி. உஷாராணியின் அப்பா ராணுவத்தில் ஹவில்தார், திருநெல்வேலிப் பக்கம். இரண்டு பெண்களும் ஒரே கோச்சிடம் பழகியவர்கள். உஷாராணி வைதேஹி வீட்டில் எத்தனையோ நாள் தோசை சாப்பிட்டிருக்கிறாள். அணியில் இடம் கிடைத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நல்ல காலேஜ். மேதாவின் மார்க்குக்கு வேறு வழி இல்லை. உஷாராணிக்கும் இல்லை.

சங்கத்துக்காரர்களிடம் நல்ல பந்து கிடையாது. மேதாவின் பையிலிருந்துதான் எல்லோரும் எறிந்தார்கள். மேதா எறிந்தாள். பந்து கேட்சரின் கையுறையில் 'டப்' என்று போய் விழுந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் தயிர்சாத டப்பாவோடு நின்ற வைதேஹி முருகா முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்து உஷாராணி. மேதா பைக்குள் கையை விட்டாள். ஒரு பந்தை எடுத்தாள். திருப்பிப் போட்டாள். வேறொன்றை எடுத்து, "லே உஷா, பிடி" என்று வீசினாள்.

உஷாராணி எறிந்தது பாதியிலேயே தரையில் விழுந்தது. கோச், "அரே, க்யா ஹுவா?" என்று கேட்டார், என்ன ஆச்சென்று. பதற்றத்தில் அவளுக்கு எதுவும் புரியவில்லை. இன்னும் முறுக்கி எறிந்தாள். மறுபடி விழுந்தது. மூன்றாவதை முழு பலத்தோடு எறிந்தாள். எறிந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேதாவை எடுத்துக்கொண்டார்கள்.

[எடுத்தாள், திருப்பிப் போட்டாள், வேறொன்றை எடுத்தாள். இந்த வரிகளை அடித்துவிடலாமா? அடித்தால் மேதா அப்பாவிப் பெண், கதை ஒரு விபத்து, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டு முறை அடித்தேன். ஆனால் வைதேஹி பார்த்துவிட்டாள். நான் அடித்தால் அவள் பார்த்தது இல்லையென்று ஆகிவிடுமா?]

6

மறுநாள் சாயங்காலம் உஷாராணி வந்தாள். வலது கை கழுத்தில் மாட்டிய தூளியில் தொங்கியது. இடது கையில் பந்து.

"ஆன்ட்டி, மேதா பந்து எங்கிட்டயே தங்கிட்டு. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"கை எப்படிம்மா இருக்கு?"

"சுளுக்குதான்னு டாக்டர் சொன்னாரு. என் கைதான் சரியில்ல போல ஆன்ட்டி. ஒருநாளும் இப்படி விழாது. அப்பா பேசவே மாட்டேங்காக. விளையாட்ட விட்டுரலாம்னு இருக்கேன்."

தோசை சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்று போய்விட்டாள். பந்தை வாங்கியதுமே வைதேஹியின் கை தாழ்ந்தது. அடுக்களைக்குப் போனாள். தராசின் ஒரு தட்டில் அதை வைத்தாள், இன்னொரு தட்டில் மேதாவின் பையிலிருந்த பந்தை வைத்தாள். உஷாராணியின் தட்டு டக்கென்று கீழே போய் உட்கார்ந்தது.

"ஏன்னா, இங்க வாங்கோ! நீங்கதானே மாத்தி வச்சேள்? பொண்ணு ஜெயிக்கணும்னு அந்தக் குழந்தையோட தோளை உடைச்சேளா?"

சேஷன் ஓடி வந்தான். "நானா? சிவப்பு இங்க்ல புள்ளி வச்சிருந்தேனேடி! எப்படி மாறும்?" பையைக் கவிழ்த்தான். எல்லாப் பந்திலும் சிவப்புக் கறை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான் குங்குமம் வச்சேன்" என்றாள் வைதேஹி. சொன்னதும், வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவளுக்கு உயிர் வந்தது. அப்பாடா, தப்பு என் மேல்! புருஷன் மோசக்காரன் இல்லை, பெண் மோசக்காரி இல்லை. நாளைக்கே கோச்சுக்கு ஃபோன் பண்ணி என் முட்டாள்தனம் என்று சொல்லிவிடலாம். இரண்டு பேருக்கும் மறுபடி தேர்வு வைக்கட்டும்.

அப்புறம் மைதானத்தில் பார்த்த அந்தக் கை ஞாபகம் வந்தது. எடுத்த கை, திருப்பிப் போட்ட கை. தினமும் கனமான பந்தைப் பிடித்துப் பழகின கை.

7

மேதா ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்து ஷூவைக் கழற்றினாள்.

"கண்ணை மூடிக்கோ. ரெண்டு கையையும் நீட்டு."

"க்யா ஹை அம்மா, பூக் லகி ஹை, பசிக்கறது."

"நீட்டுடீ!"

நீட்டினாள். வைதேஹி இரண்டு பந்துகளையும் இரண்டு கையில் வைத்தாள். "எது கனம், சொல்லு."

முதல் முடிவு: மேதா உடனே சொல்லிவிடுகிறாள். அப்படியானால் அன்றைக்கும் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் முடிவு: "ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறாள். அப்படியானால் பொய் சொல்கிறாள், பொய் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

பெண்ணை எப்படிப்பட்ட இடுக்கில் மாட்டிவிட்டேன் பாருங்கள். மூன்றாவது முடிவு ஒன்று தேடி, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் மேதா என்னைக் கேட்காமலே பேசிக்கொண்டிருக்கிறாள். கண்ணைத் திறக்கவில்லை.

"அம்மா, பந்தையெல்லாம் பையில போட்டது யாரு?"

"நான்தான். நான் ஒத்துண்டாச்சு."

"கையாலதானே எடுத்துப் போட்டே? ஒவ்வொண்ணா?"

வைதேஹி பந்துகளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"அம்பது கிராம் வெங்காயம் கொறைஞ்சா சொல்ற கைம்மா அது" என்றாள் மேதா.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் போய் அணைக்கவில்லை.

8

நியாயமாகப் பார்த்தால் இந்த இடத்தில் வைதேஹியின் மனசில் என்ன ஓடியது என்று நான் எழுத வேண்டும். கதை முழுக்க அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்றவன். பால்காரன்மேல் அவளுக்கிருந்த சந்தேகம் தெரியும், புருஷன் காலர் தெரியும். தாம்பாளத்திலிருந்து பந்தை எடுத்த அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். நானும் டீ ஆறுகிறது என்று விட்டுவிட்டேன். நாலாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். "போட்டாள்" என்றுதான் இருக்கிறது. தெரிந்து போட்டாளா, பூஜை அவசரத்தில் போட்டாளா? வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

கடைசியாக நான் பார்த்தபோது வாசலில் நின்றாள். ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தாள். உஷாராணி வீடு ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் போனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடலாம். இன்னொரு செருப்பை நான் மாட்டிவிடப் போவதில்லை.

பந்து என் மேசைமேல் இருக்கிறது. போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் இனி இதைப் பார்க்கவே வேண்டாம் என்று பரணில் எறிந்திருக்கலாம். சொல்லாமலே இருந்துவிட்டவள் ஒளித்து வைத்திருக்கலாம். இந்தாருங்கள், நீங்கள் ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். கனம் தெரிகிறதா?

தெரிகிறதல்லவா. அவளுக்கும் தெரிந்திருக்குமா, சொல்லுங்கள்.